ஆய்வகத்துக்கு நான் எழுதிய விதி

கல்லூரியில் வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தவர்களுக்குத் தெரியும்: ஏதாவது உடைந்தாலோ எரிந்தாலோதான் நம் பெயர் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் அந்த வேலையில் இருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் முறைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டுமாம், குழு ஒன்று வந்து பார்க்குமாம். துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அடுத்தவருக்கு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவர்கள் மேலே படியுங்கள். நீங்கள் நம்ம ஆள்.

ஜன்னல்

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் பிரிண்ட் எடுத்தேன். அதைப் பார்த்துத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். "அடர் அமிலங்களைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்தே திறக்க வேண்டும்" என்பது முதல் விதி. அப்படி ஒரு பெட்டியை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம்.

எங்கள் அட்டெண்டர் மாரிச்சாமி பல வருடமாக ஆசிட் பாட்டில் திறப்பவர். எப்படித் திறக்கிறீர்கள் என்று கேட்டேன். முகத்தை ஜன்னல் கம்பியில் பதித்து, வெளிக்காற்றை இழுத்தபடி, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டித் திறந்து காட்டினார். இதை எந்தத் தமிழில் எழுதுவது என்று விழித்தேன். மாரிச்சாமி சொன்னார்: "ஜன்னல்னே எழுதுங்க சார். வர்றவுக கேட்டா, காட்டுறதுக்கு அது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு."

செவ்வாய்க்கிழமை

கண்ணில் அமிலம் பட்டால் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எழுதி, இரண்டாம் ஆண்டு வகுப்பில் கம்பீரமாக வாசித்தேன். எங்கள் கட்டடத்துத் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வருவது வாரத்தில் ஒரே நாள், செவ்வாய்க்கிழமை. வியாழன் ஆனால் குழாயில் சத்தம் மட்டும்தான் வரும். முன் பெஞ்சில் தாயில்பட்டி முத்துமாரி எழுந்து நின்றாள். கேலி செய்கிற முகம் இல்லை, நிஜமான சந்தேகம்தான். "அப்ப கண்ணுல ஆசிட் படுறதுன்னா, செவ்வாக்கிழமை பாத்துத்தான் படணுமா சார்?"

முருகன்

விதிகளைச் சுவரில் மாட்டுவதற்காகத் திருத்தங்கல் பிரஸ் ஒன்றில் அச்சடிக்கக் கொடுத்தேன். அங்கே காலண்டர் சீசன். வெறும் எழுத்தை எவன் படிப்பான் என்று நினைத்த பிரஸ் முதலாளி அண்ணாச்சி, மிச்சமிருந்த காலண்டர் தாளில், மயிலோடு நிற்கும் முருகனுக்குக் கீழே என் இருபத்திரண்டு விதிகளையும் அடித்துக் கொடுத்துவிட்டார்.

மாட்டிய மறுநாளே முருகனுக்குச் சந்தனமும் குங்குமமும் வந்துவிட்டன. மூன்றாம் விதி, ஷூ போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது. அதுவரை ஷூ போட்டு வந்தவர்களும் அன்றிலிருந்து வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்து கும்பிட்டார்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பவும் பிரஸ்ஸுக்கு ஓடினேன். படத்தை மட்டும் வெட்டி எடுங்கள் என்றேன். அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணும்னா அந்த மூணாவது விதியை அழிச்சுத் தாரேன் சார். முருகனை வெட்டுறதுக்கு இந்தக் கம்பெனியில ஒருத்தனும் கத்தரியத் தொடமாட்டான்."

நான்காம் பக்கம்

ஒரு நாள் செய்முறை வகுப்பில் ஸ்பிரிட் பாட்டில் ஒன்று சாய்ந்தது. பக்கத்தில் பர்னர். மேஜை நெடுகத் தீ பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அலறினார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது: தீ விபத்து, நான்காம் பக்கம். என்னை நம்பி இருபது பிள்ளைகள் நிற்க, நான் விதிகளை எழுதி வைத்த ஃபைலை எடுக்க ஓடினேன். குழு வரும்வரை அழுக்காகக் கூடாது என்று துறைத்தலைவர் அதைத் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். சாவியோ அவர் பையில், அவரோ மாடியில் வகுப்பில். நான் மாடிக்கு ஓடி, சாவி வாங்கி, பீரோவைத் திறந்து, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

அதற்குள் முத்துமாரி கேஸை மூடி, மற்றவர்களை வெளியே அனுப்பி, மூலையில் இருந்த மண் வாளியை மேஜைமேல் கவிழ்த்திருந்தாள். புருவத்தில் ஒரு பக்கம் கருகியிருந்தது, வேறு காயம் இல்லை. கையில் விரித்த ஃபைலோடு நான் நிற்பதைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்: "படிச்சு முடிச்சிட்டீகளா சார்? தீ அணைஞ்சிருச்சு."

கையெழுத்து

அந்தத் தீக்குப் பிறகு முதல்வர் பயந்துவிட்டார். எல்லா விதிகளுக்கும் அடியில் பெற்றோர் கையெழுத்து வாங்கச் சொன்னார். முத்துமாரியின் அம்மா பேச்சியம்மாள் வந்தார். பட்டாசு ஆலையில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர்; விரல்களில் அலுமினியப் பொடியின் மினுமினுப்பு. பேர் எழுதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்றதால் நானே உரக்க வாசித்தேன். விஷவாயு, கண்பார்வை, தீக்காயம் என்று போகப்போக அவர் முகம் வெளுத்தது.

முடித்ததும் மகளின் வெள்ளைக் கோட்டை விரலால் நெருடிப் பார்த்தார். "இது நைலான் கலந்த துணியில்ல? தீப்பட்டா தோலோட ஒட்டிக்கிடும். பருத்திதான் போடணும்னு எழுதலையே நீங்க?" நான் பேனாவை எடுத்து, அவர் முன்னாலேயே இருபத்து மூன்றாவதாக எழுதிக்கொண்டேன். பிறகும் அவர் கையெழுத்துப் போடத் தயங்கினார்.

"உங்க கம்பெனியில இப்படிக் கையெழுத்தெல்லாம் வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்குனாக சார். ஆனா யாரும் வாசிச்சுக் காட்டல. அதான் இம்புட்டு வருசமும் பயமில்லாம இருந்துட்டேன்."

ஆபத்தை எழுதுகிற வேலையில் நானும் அதைக் கையால் அள்ளுகிற வேலையில் அவரும் இருந்தோம். எங்கள் இருவரில் பாடம் யாருக்குத் தேவை என்று யாரும் விசாரிக்காததால், ஓய்வு பெறும்வரை நானே பொறுப்பாளராக இருந்தேன்.