இராக்கம்மா கட்டிய கக்கூஸ்

கக்கூஸைப் பற்றியெல்லாம் எழுதுகிறானே என்று முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கும் குமட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் குமட்டல் அந்தக் கக்கூஸால் வந்ததல்ல. அது இராக்கம்மா அக்காவின் கையில் இருந்த வரைக்கும் என் கடையை விடத் துப்புரவாக இருந்தது.

நான் பஸீல். ஹல்துமுல்லையிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற தார் பாதை முடிகிற இடத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே தேயிலை. தேயிலைக்கு நடுவில் தோட்டத்துச் சனம் குடியிருக்கிற மேல் டிவிசன் லயம், வரிசையாக ஒற்றை அறைக் காம்பிராக்கள், பன்னிரண்டுக்கும் ஒரே தகரக் கூரை. கடைசிக் காம்பிராவில் இராக்கம்மா அக்காவும் மகள் விஜயலெட்சுமியும் இருக்கிறார்கள். புருஷன் சின்னராசா இறந்து ஒன்பது வருடம். அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது, இன்னமும் மலையில் கொழுந்து எடுக்கிறார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிறபடி என்னை நானா என்று கூப்பிடுவார். என் கடையில் சாமான் வாங்க வந்தால் என்னையே சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போகிற ஆள்.

அந்த லயத்துக்குப் பொதுவில் இரண்டு கக்கூஸ் இருந்தன. ஒன்றின் கூரை பறந்து போனது, மற்றது நிறைந்து போனது. தோட்டத்து ஆபீசுக்கு எழுதி எழுதிக் கை சலித்துப் போய் சனம் பழையபடி புதருக்குப் போகத் தொடங்கியது. அப்படிப் போன இடத்தில்தான் விஜயலெட்சுமியைக் குளவி கொட்டியது. பதினைந்து வயதில், முகம் வீங்கி, கண் மூடி, தியத்தலாவை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். அக்கா அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இனி இவளைப் புதருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு கட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் தாயும் மகளும் என் கடை வாசலில் இறக்கிய சீமெந்துக் கல்லை ஆளுக்கு இரண்டாகத் தலையில் வைத்து மேலே ஏறினார்கள். எட்டு மாதம். மழையில் ஒரு தரம் சுவர் சரிந்தது, திரும்பக் கட்டினார்கள். தோட்டத்து நிலத்தில் மேனேஜர் துரையின் கடிதம் இல்லாமல் ஒரு கல் வைக்கக் கூடாது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரியும். அவரும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர், அந்தப் பக்கம் திரும்பாமல் போய்விடுவார். முன்னால் வாழை வைத்து மறைத்தார்கள். அப்படி எழும்பியதுதான் அந்தக் கக்கூஸ்.

மூன்று வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைப் பாதைகளையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து, நடப்பதற்கென்றே நீளமான ஒரு பாதை போட்டார்கள். அது லயத்துக்குப் பின்பக்கமாகப் போகிறது. முதுகில் பெரிய மூட்டையும் இரண்டு கையிலும் தடியுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பஸ் ஓடுகிற ஊரில் இதுகளுக்கு என்ன கேடு என்று லயத்துச் சனம் சிரித்தது. இராக்கம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை நாளாக நடக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். இருபது நாள், இருபத்தைந்து நாள் என்றேன்.

“அப்ப நேர்த்தி வச்சுத்தான் நடக்குறாங்க” என்றார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “நேர்த்தியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. சுத்திப் பார்க்க வந்ததுகள்.”

“சும்மா சுத்திப் பார்க்க யாராச்சும் காலு வெடிச்சுப் போக நடப்பாங்களா நானா? சாமி பேரச் சொல்லாம நடக்குறவங்களும் இருப்பாங்க.”

அக்கா கதிர்காமத்துக்கு நடந்து போனவர். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லாமல், சின்னராசாவோடு மலை இறங்கி வெல்லவாயா வழியாகப் போயிருக்கிறார். வழியில் ஒரு வாய்க்கால் ஓரத்தில் அவசரம் வந்து, மறைவில்லாமல் தவித்து நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு சிங்களத்து அம்மா வீட்டுக்குள் ஓடி ஒரு சேலையை எடுத்து வந்து சுற்றிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாராம். விஜயலெட்சுமி பிறந்ததற்கு முருகன் பாதி, அந்த அம்மா பாதி என்று கணக்குச் சொல்வார். நடந்து வருகிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, நடக்கிறவருக்கென்று கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. அவருடைய சட்டம் இவ்வளவுதான்.

அதனால் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி. தோட்டத்தில் கொடுக்கிற தூளில் சாயம் இறக்கி, இஞ்சி தட்டிப் போட்டு. ரொட்டி சுட்டால் அதில் பாதி. பெண்கள் வந்து நெளிந்துகொண்டு நின்றால் ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் கொடுத்துக் கக்கூஸ் கதவைத் திறந்து விடுவார். கதவைத் திறக்கும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

இனி என் வண்டவாளம். போன வருடம் இங்ரிட் என்று ஒரு நோர்வேக்காரி வந்தாள், அறுபது வயது இருக்கும், தனியாக நடக்கிறவள். லயத்துக்குப் பக்கத்தில் வயிற்றுப்போக்கில் விழுந்துவிட்டாள். அக்கா அவளைத் தூக்கி வந்து விஜயலெட்சுமியின் கட்டிலில் போட்டு, இரண்டு நாள் கஞ்சி கொடுத்து, துணி அலசி, இடுப்பைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். போகும்போது அந்தப் பெண் அழுதாள். நல்ல மனுஷி, அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கீழே என் கடைக்கு வந்து, போனிலிருக்கிற வரைபடத்தில் அந்த இடத்தைப் போட வேண்டும், பெயரைச் சொல் என்றாள். நான் இராக்கம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கக்கூஸ் இருக்கிற இடத்தை என் விரலாலேயே தொட்டுக் காட்டினேன். அதோடு விட்டேனா? கீழே என் கடை இருக்கிறது, அதையும் போடு என்றேன். போட்டாள். இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அப்புறம் வந்தது கூட்டம். நீளப் பாதை நடக்கிறவர்கள் இல்லை. வேனில் வந்து, கால் மணி நேரம் நடந்து, அரை மணி நேரம் படம் பிடிக்கிற வாரக் கடைசிக் கூட்டம். லயத்துக் குழாயில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைத்த பீப்பாயில் ஒருவன் காலில் கிடந்த சேற்றுச் சப்பாத்தைக் கழற்றிக் கழுவினான். ஈரத் துடைப்பான்களைக் கக்கூசுக்குள் போட்டு அடைத்துவிட்டுப் போனார்கள். அக்கா கையை விட்டு எடுத்தார். ஒரு நாள் விஜயலெட்சுமி வாளியோடு வெளியே வருவதை ஒருத்தன் போனில் பிடித்துக்கொண்டிருந்தான். நான் போட்ட கத்தலில் ஓடினான். இவன்களெல்லாம் வீட்டில் சோறுதான் தின்கிறான்களா என்று எனக்கு விளங்கவில்லை.

தண்ணீருக்காக லயத்தில் சண்டை வந்தது. அக்கா தன் பங்குத் தண்ணீரிலேயே சமாளித்தார், குளிப்பதை இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஆக்கிக்கொண்டார்.

நட்சத்திரம் துரையின் கண்ணிலும் பட்டது. அவருக்குக் கீழே இருக்கிற சின்னத்துரை வருகிறார், இராக்கம்மாவைப் பாராட்டப் போகிறாராம் என்று யாரோ செய்தி கொண்டு வந்தார்கள். துரை லயத்துக்கு வந்தால் சனத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், வாசலைத் துப்புரவாக்கி மாலை கட்டுவது. அக்கா கக்கூசுக்கு வெள்ளை அடித்தார். வாசலில் கோலம் போட்டார். மறைப்புக்கு இருந்த வாழையை, துரைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவரே வெட்டினார். சின்னத்துரை கோப்போடு வந்தார். எத்தனை கல், எங்கே வாங்கினது, எத்தனை மாதம் எடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார், அவர் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்து நிமிர்ந்து, “அனுமதிக் கடிதம் எங்க?” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பதினாலு நாளுக்குள் இடிக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. பத்தாவது நாள் சின்னத்துரை மறுபடியும் வந்தார், கூடவே சுற்றுலாக் கம்பெனிக்காரர் ஒருவர். இந்தத் தரம் குரலில் தேன்.

“இடிக்கத் தேவல்ல இராக்கம்மா. தோட்டத்துக்குக் குடுத்துருங்க. நாங்க பாத்துக்கிறோம். நடக்கிற ஆக்களுக்குத்தானே கேக்கிறோம்.”

அந்தக் கடைசி வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவர் நீட்டிய கடிதத்தை அக்கா வாங்கி என்னிடம் தந்தார். சிங்களத்தில் இருந்தது. என் முழு விருப்பத்தோடு, சுற்றுலாப் பயணிகளின் பாவனைக்காக அன்பளிப்பாக வழங்குகிறேன் என்று எழுதியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். “யோசிச்சுச் செய்ங்கக்கா” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கடை நிற்பதும் தோட்டத்து ஓரத்தில்தான்.

“இடிச்சா ஒருத்தருக்கும் இல்லாம போயிரும் நானா. நின்னா நடந்து வர்றவங்களுக்காச்சும் ஆகும். எம்புள்ளையும் போயிக்கலாம்தானே” என்று கையெழுத்துப் போட்டார்.

கொடுத்த அன்றைக்குப் பொன்னாடை போட்டார்கள். உபசரிப்பின் சிகரம் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள். கேக் வெட்டினார்கள், கக்கூசுக்கு முன்னால். அடுத்த வாரம் கதவில் பூட்டும், மூன்று மொழியிலும் ஒரு பலகையும் வந்தன. பயணிகளுக்கு மட்டும். சாவி இரண்டு மைல் கீழே ஆபீசில். போனில் முன்கூட்டியே பதிந்து வருகிறவருக்குக் காவல்காரன் கொண்டு வந்து திறப்பான். தினமும் காலையில் காவல்காரன் திறந்து விட, மலைக்குப் போகும் முன் கழுவி விடுகிற வேலை இராக்கம்மாவுக்கு. அவர் கழுவலாம், தன் அவசரத்துக்கு உள்ளே போகக் கூடாது. விஜயலெட்சுமி வாளியோடு வந்து நின்றபோது காவல்காரன் பலகையைக் காட்டினான்.

இதை எழுதும்போதும் எனக்கு வாயில் கசக்கிறது. தூ.

அக்காவிடம் கத்தினேன். “நீங்க கட்டினது. நீங்களே கழுவுறீங்க. நீங்க போக ஏலாது. இத என்னண்டு செல்றது? எழுதி வாங்குவோம், வாங்க, யூனியனுக்குப் போவோம்.”

“நடக்குறவங்களுக்குன்னு குடுத்தாச்சு நானா. திரும்பக் கேக்கக் கூடாது.”

“மனசாரக் கொடுத்தீங்களா?”

“இல்ல. புள்ளைய நெனச்சா நெஞ்சு எரியுது” என்றார்.

விஜயலெட்சுமிக்கு இப்போது பத்தொன்பது. குளவிப் பயம் இன்னும் போகவில்லை. புதருக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் நீர்க்கடுப்பில் துடித்து, மறுபடி அதே தியத்தலாவை ஆஸ்பத்திரி. தண்ணீர் நிறையக் குடி என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

நேற்று முன்தினம் பகலில் அதே லயத்தில் இருக்கிற ரெங்கம்மா வீட்டுக்கு காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கக்கூஸ் கதவை ஒரு சிங்களப் பிள்ளை தட்டிக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று, நாலு வயது. மாத்தறைப் பக்கமாம், பதினெட்டு நாளாகத் தனியே நடக்கிறாள். கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. முன்கூட்டிப் பதியவில்லை, அங்கே சிக்னலும் இல்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. பலகையைப் படித்துவிட்டு, நானும் பயணிதானே என்று அழுகிற குரலில் கேட்டாள்.

இராக்கம்மா அக்கா அரை நாள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்தார். இடுப்பில், செடியின் ஈரம் படாமலிருக்க, படங்குச் சாக்கு கட்டியபடி. பிள்ளையை ஒரு தரம் பார்த்தார், பூட்டை ஒரு தரம் பார்த்தார். அவள் கையைப் பிடித்து ஓடைப்பக்கம் புதருக்குக் கூட்டிப்போனார். விஜயலெட்சுமியைக் கூப்பிட்டு, மேலே மரத்தில் குளவிக் கூடு இருக்கிறதா பார் என்றார். இடுப்பிலிருந்து சாக்கை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் சிலிண்டரை இறக்கி வைத்து மறுபக்கம் திரும்பினேன்.

பிள்ளை வெளியே வந்தாள். அக்காவின் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் வந்தாள். இந்த அம்மாவின் பெயரும் இந்த இடத்தின் பெயரும் வேண்டும், பின்னால் வருகிற பெண்களுக்கு உதவும், சிக்னல் கிடைத்ததும் வரைபடத்தில் போடுகிறேன் என்றாள்.

“இந்த இடத்துக்குப் பேர் இல்ல. போனை உள்ளே வை” என்றேன் சிங்களத்தில். அவள் முகம் சுருங்கிப் போனது. நன்றி என்று முனகிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தாள்.

“என்னா நானா, நடந்து வந்த புள்ளகிட்ட இப்படியா பேசுறது” என்று அக்கா கடிந்துகொண்டார்.

“அக்கா, உங்களுக்கு மிச்சம் இந்தப் புதர் ஒண்ணுதான். போன்ல போட்டா அதுக்கும் பூட்டுப் போட்டுருவாங்க.”

சாக்கை மடித்து இடுப்பில் கட்டப் போன அக்கா மகளைப் பார்த்தார். விஜயலெட்சுமி அந்த மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள் என்று பார்க்கும்போதே தெரிந்தது.

“வா, நீயும் போயிரு. நான் பிடிச்சுக்கிறேன்” என்று இராக்கம்மா அக்கா சாக்கை மறுபடியும் விரித்தார்.

நான் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். வழியில், அவர் அன்று காலையில் கழுவி விட்ட கக்கூஸின் பூட்டு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.