பாயில் கூடிய அறங்காவலர்

இரண்டு மாதத்துக்கு என்றுதான் அழைத்தார்கள்.

ராஜபாளையத்தில் பழைய இரவுப்பள்ளி ஒன்று இன்று நினைவில்லமாக இருக்கிறது. ஆலைத் தொழிலாளரும் வயல்வேலை செய்தோரும் தத்தம் முதலாளிகள் முன் நின்றுகொண்டே பேச வேண்டியிருந்த காலத்தில், அந்த ஓட்டுவீட்டில் மட்டும் எல்லாச் சாதியாரும் ஒரே பாயில் அமர்ந்து எழுத்துப் படித்தார்கள். கூலி பேசவும் அங்கேயே கற்றார்கள். அவ்வீட்டை ஓர் அறக்கட்டளை காத்துவருகிறது. அதன் தலைவர் மகளோடு வசிக்கக் கோயம்புத்தூர் போய்விட்டதால், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்வரை பொறுப்புத் தலைவராக இருக்குமாறு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்று வீட்டிலிருந்த தமிழாசிரியனாகிய என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் நாற்காலி கிடையாது. அமைச்சர் வந்தாலும் மின்வாரிய ஊழியர் வந்தாலும் பாயில்தான் அமர வேண்டும் என்பது இரவுப்பள்ளியின் நிறுவனர் வகுத்த விதி. விதியை நான் மனமாரப் போற்றினேன். என் முழங்கால்கள் போற்றவில்லை. காலையில் தூணைப் பிடித்து அமர்ந்தால், மாலைப் பேருந்துக்கு நேரமாகும்வரை எழுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இதைக் கண்ட பார்வையாளர்கள் என்னை அயராத உழைப்பாளி என்று மெச்சினார்கள்.

வேலையைச் செய்பவர் வேறொருவர் என்பது முதல் நாளே விளங்கிற்று. மகாராஜபுரத்திலிருந்து வரும் வழிகாட்டிப் பெண் வரலாற்றில் முதுகலை படித்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டுவது முதல் ஓட்டில் ஏறும் குரங்குகளை விரட்டுவது வரை அனைத்தும் அவர் கையில் இருந்தன. என்னை அவர் வரவேற்ற முறை மறக்கத்தக்கதன்று.

"சார், நீங்க எம்புட்டு நாளைக்கு?"

"இரண்டு மாதம்."

"சரி. பொறவு நான் வரணும்னு இருக்கேன். அதனால எதையும் இடம் மாத்தி வச்சுராதீங்க."

அவர் தலைவராவதை அறங்காவலர் மூவருள் ஒருவர் விரும்பவில்லை. அந்த அறங்காவலர் பேண்டேஜ் துணி ஆலை நடத்துபவர். ஆலையில் எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள்; நினைவில்லத்துக்குள் அச்சொல்லுக்கு இடமில்லாமையால் அண்ணாச்சி ஆகிவிடுவார். தலைவராக வருபவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கருத்தைவிட வலியது அவர் கையாண்ட உத்தி. மூவரும் அமர்ந்திருக்கும்போது எடுக்கும் முடிவே செல்லும் என்பது இன்னொரு விதி. பெரிய மனிதர் ஒருவர் தனியே முடிவெடுத்துவிடாமல் தடுக்கவே நிறுவனர் அதை எழுதினார். அண்ணாச்சியோ, முன்பெல்லாம் பிடிக்காத பேச்சு வந்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து காரை நோக்கி நடந்துவிடுவார். அத்தோடு கூட்டம் முடியும்.

ஆனால் நான் பொறுப்பேற்றபின் எழுந்து போவதற்குக்கூட ஒரு கூட்டம் நடக்கவில்லை. நாள் குறித்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொருவருக்குத் திருமணம் வந்தது. என் இரண்டு மாதம் மாம்பழப் பருவத்தைக் கடந்து, ஐப்பசி மழையில் நனையத் தொடங்கியது.

அப்போதுதான் வழிகாட்டிப் பெண்ணுக்குச் சென்னை அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும் சார். இங்க தலைவர் வேலை ஆகும்னா இருக்கேன். அம்மாவை விட்டுட்டு மெட்ராசுக்குப் போக மனசில்ல. ஆனா வழிகாட்டியாவே கெழவியாகவும் மனசில்ல."

மறுநாள் பால்கோவாப் பொட்டலங்களோடு அறங்காவலர் வீடுகளுக்குப் புறப்பட்டேன். முதலில் சந்தித்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை; ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். இனிப்பைச் சர்க்கரை நோயின் பொருட்டு மறுத்தார். கூட்டத்தைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிராதீங்க சார். கீழ உக்காந்தா எனக்கு எந்திரிக்கவே வராது. கோயில்லயே முழங்கால் போடுறதை விட்டுட்டேன். அவிய ரெண்டு பேரும் நல்லா உக்காந்து எந்திரிப்பாக. நான் மட்டும் நாற்காலி கேட்டா, ஒசத்தி கேக்குற மாதிரில்ல இருக்கும்?"

அடுத்தவர் மருந்துக்கடை உரிமையாளர். அவரும் இனிப்பைத் தொடவில்லை. மூட்டுவலித் தைலம் ஒன்றை எனக்குப் பரிந்துரைத்தபடியே, தம் முழங்கால் நிலையை அதே தாழ்ந்த குரலில் விளக்கினார். மற்ற இருவரும் திடமானவர்கள் என்றார். மருந்து விற்பவருக்கே முட்டி பிடித்திருப்பது தெரிந்தால் கடைக்கு எவன் வருவான் என்றும் கவலைப்பட்டார்.

மூன்றாமவரான அண்ணாச்சி உயரமான மெத்தை நாற்காலியில் வீற்றிருந்தார். பால்கோவாவை அவர் மட்டும் உண்டார். எல்லாருக்கும் ஒரே உயரத்தில் நாற்காலி போட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"என்ன சார் பேசுதீக? நாற்காலி போட்டா அந்த வீட்டுக்கும் என் ஆபீசுக்கும் என்ன வித்தியாசம்? பாயில உக்காருவோம். வியாழக்கெழமை வாரேன்."

வியாழன் மாலை மூவரும் வந்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தபடி, புன்னகை குலையாமல், பாயில் இறங்கினார்கள். தலைமையாசிரியை இறங்கும்போது "ஆண்டவரே" என்றார். மருந்துக்கடையாரிடமிருந்து தைலம் மணந்தது. அண்ணாச்சி இறங்கும்போது ஏதோ முறிந்த ஒலி கேட்டது. பாயாகத்தான் இருக்க வேண்டும். வழிகாட்டிப் பெண் ஓரத்தில் சம்மணமிட்டு அமர்ந்தார். அந்த வீட்டில் எவரையும் வெளியே நிறுத்திவைத்துவிட்டுப் பேசும் வழக்கம் இல்லை.

அன்றைய கூட்டம் போல் ஒன்றை நான் கண்டதில்லை. எழ அஞ்சியதால் எவரும் அவசரப்படவில்லை. பல்லாண்டாக இழுத்துக்கொண்டிருந்த கழிவறைத் தாழ்ப்பாள் வழக்குக்கூட அன்று தீர்ந்தது. இறுதியில் தலைவர் நியமனம் வந்தது.

"படிச்ச பிள்ளைதான். யாரு இல்லைன்னா?" என்றார் அண்ணாச்சி. "ஆனா மேடையில உக்காந்தா ஒரு எடுப்பு வேணும்ல?"

"மேடையே இல்லாத வீட்டுக்கு எடுப்பு எதுக்கு அண்ணாச்சி?" என்றார் அந்தப் பெண்.

தலைமையாசிரியையும் மருந்துக்கடையாரும் அந்தப் பெண்ணுக்கே தங்கள் ஆதரவு என்றார்கள்.

"அப்படியா? அப்ப நான் எந்திரிக்கேன்."

அண்ணாச்சி ஒரு கையைப் பாயில் ஊன்றினார். பிறகு மற்றொரு கையையும் ஊன்றினார். சிறிது நேரம் அந்த நிலையிலேயே ஆழ்ந்து சிந்திப்பவர் போல் இருந்துவிட்டு, மீண்டும் அமர்ந்தார்.

"செத்த நேரம் கழிச்சு எந்திரிக்கேன்."

நாங்கள் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தோம். மருந்துக்கடையார் என் காதருகே சாய்ந்து, "எழுதுங்க சார், எழுதுங்க. மூணு பேரும் உக்காந்துதான இருக்கோம்" என்று துரிதப்படுத்தினார். விதிப்படி அது சரியே. நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதாதீங்க சார்."

வழிகாட்டிப் பெண் எழுந்து அண்ணாச்சியிடம் போய்க் கையை நீட்டினார்.

"கையக் குடுங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"போணும்னு சொன்னீகள்ல? இந்த வீட்ல யாரையும் நிக்க வைக்கவும் கூடாது, உக்கார வைக்கவும் கூடாது."

அண்ணாச்சி எழுந்தார். எழுந்தபின் கால் மரத்துப்போய், அந்தப் பெண்ணின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார். வாசல் திறந்திருந்தது, காரும் நின்றது. சென்னை வேலை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்றே எண்ணினேன்.

"நான் போயிட்டா இவியளை யாரு தூக்குவா?" என்றார் அண்ணாச்சி.

"இன்னைக்கு நான் தூக்குவேன். அடுத்த கூட்டத்துக்கு ஆளு பாத்துக்கிடுங்க."

"இந்தத் தோளை நம்பித்தான் எந்திரிச்சேன். இதைவிட எடுப்பு என்ன வேணும்?" என்று அவர் தமக்குத்தாமே சொல்வது போல் சொன்னார். "சரி, எழுதிக்கிடுங்க."

"நின்னுக்கிட்டுச் சொன்னா செல்லாது அண்ணாச்சி" என்றார் தலைமையாசிரியை, வகுப்பறைக் கண்டிப்போடு.

அண்ணாச்சி கீழே பாயைப் பார்த்தார். ஆழம் தெரியாத கிணற்றை எட்டிப் பார்ப்பவரின் முகம் அது.

"ஏட்டி, மெதுவா இறக்கு."

"ஏட்டின்னா இறக்க மாட்டேன்."

"சரி. தலைவரம்மா, மெதுவா இறக்குங்க."

முடிவை எழுதி, பாயிலேயே நகர்ந்து நகர்ந்து மூவரிடமும் கையொப்பம் பெற்றேன். புதிய தலைவர் ஒவ்வொருவராகக் கைகொடுத்து எழுப்பிக் கார்வரை கொண்டுபோய் விட்டார். ஓட்டுநரும் உதவினார். வாசலில் சிரிப்பும் நாற்காலியைப் பற்றிய வாக்குவாதமும் கேட்டன. பின்னர் அவர் சென்னைக்குத் தொலைபேசியில் மறுப்புச் சொல்லும் குரல் கேட்டது. அதன்பின் அம்மாவுக்குச் செய்தி சொல்லும் குரல்.

கதவைப் பூட்டச் சாவியோடு உள்ளே வந்தவர் திடுக்கிட்டார்.

"சார்! நீங்க இன்னும் போகலையா?"

தூண் எனக்கு எட்டாத தொலைவில் இருந்தது.