துப்பிக் காட்டிய வானவில்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். வாயடிக்க வருமே தவிர எழுத்து வராது. ஆனால் போன வாரம் டீக்கடையில் என் சிநேகிதன் யோபு பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனதிலிருந்து, சின்ன வயதில் குடித்த "அடிபம்பு"த் தண்ணீரின் துருச் சுவை வாயிலேயே நிற்கிறது.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் சர்ச் வாசலில் இருந்த பம்பு அது. அப்போது நான் ஆறாவது. அறிவியல் சார் எங்களை மைதானத்தில் நிற்கவைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்த் தண்ணீரைப் புகைபோல ஊதச் சொன்னார். முகத்துக்கு முன்னால் ஒரு முழத்துக்கு வானவில் வந்து மறைந்தது. அன்றிலிருந்து இதை வைத்து யாரையாவது மட்டம்தட்ட வேண்டுமென்று எனக்கு வாய் அரித்தது. அகப்பட்டவர் யோபுவின் அம்மா, எஸ்தர் அத்தை.

சுனாமி வந்த அந்தக் கிறிஸ்துமஸ் மறுநாளில் கடல் ஊருக்குள் புகுந்து அத்தையின் புருஷனை, எங்கள் மாமாவை, கொண்டுபோய்விட்டது. கரையில் கருவாடு வாங்கிக் கூடையோடு பஸ் ஏறிப் படாளம் வரை போய் விற்றுவந்த அத்தை, அதற்குப் பிறகு கரைப் பக்கமே திரும்பவில்லை. யோபு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். பல மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மழை விட்டதும் கடலுக்கு மேலே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வானவில். இனி வெள்ளத்தால் பூமியை அழிக்கமாட்டேன் என்று நோவாவுக்குக் கடவுள் கொடுத்த அடையாளம் அது என்று வேதத்தில் இருக்கிறதே. "ஆண்டவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. இனிமே இன்னா பயம்" என்று அத்தை மறுநாளே கூடையைத் தூக்கினார்.

அந்தக் கையெழுத்தின்மேல்தான் நான் துப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது, பம்பில் வாய் நிறையத் தண்ணீர் பிடித்து அத்தைக்குப் பக்கத்தில் போய் நின்று ஊதி வானவில்லை வரவைத்தேன். "பாத்துக்கோ அத்த. உன் ஆண்டவரு கையெழுத்து. நான் போட்டது."

பையன்கள் சிரித்தார்கள், பெரியவர்களிலும் சிலர். அத்தை நனைந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் கரைக்குப் போகவில்லை; அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. யோபு மறுபடியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தட்டைப் பார்த்தே தின்றான், என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அத்தை கூப்பிட்டனுப்பினார். அடி விழும் என்று நினைத்துப் போனேன். வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது.

"அன்னைக்கு இன்னாவோ பண்ணியே, அத காட்டு."

காட்டினேன். அவரும் ஊதினார், வெயிலைப் பார்த்து நின்றதால் ஒன்றும் வரவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அடுத்த வாய்க்கு வந்தது. புடவை நனைய நனைய, குடம் காலியாகும் வரை ஊதிவிட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"அப்போ இது நோவாவுக்கு முன்னாடியும் வந்துகினுதான் இருந்திருக்கும். வெயிலும் தண்ணியும் அப்பவும் இருந்துதே. ஆண்டவரு புச்சா ஒண்ணும் செய்யல, இருக்கறதயே காட்டி வார்த்த குடுத்தாரு. உங்க மாமா எனக்குக் கட்டுன மஞ்சக் கயிறும் கடைல விக்கறதுதான்டா. அதுக்காவ அது வெறுங் கயிறா?"

மறுநாள் கூடை கிளம்பியது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன்.

இப்போது மாமல்லபுரத்தில் ஒரு பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். பிளேடு சூடாகாமலிருக்க விடும் தண்ணீர் தெறித்து வெயிலில் தினமும் வானவில் வருகிறது. அதைப் பார்த்ததும் எதிர் டீக்கடையில் கூட்டாளிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். நான் துப்பியது, அத்தை வாயடைத்து நின்றது வரைக்கும்தான். அங்கே சிரிப்பு வரும். குடத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் தோற்றவன் நானல்லவா. சார் சொன்னது பொய்யில்லை, அத்தை நம்பியதும் பொய்யில்லை, பத்து வருஷமாகப் பாதிக் கதை சொல்லும் நான்தான் பொய்யன். போன வாரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின் பெஞ்சில் யோபு உட்கார்ந்திருந்ததை, அவன் எழுந்து போனபோதுதான் கவனித்தேன்.

சர்ச் வாசல் பம்பைப் பிடுங்கிச் சிமெண்டு பூசிவிட்டார்கள். முழங்கால் வலியில் அத்தை வீட்டோடு இருக்கிறார். கூடை எங்கே போனதோ. இதுவரை எழுதியதை யோபுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்து வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"அதே டீக்கடைல நின்னு இத எல்லாருக்கும் முழுசா படிச்சிக் காட்டிட்டு, அப்பறமா அம்மாவ வந்து பாரு மச்சான்."