அம்முலு கேட்ட ஒரு வார்த்தை

மார்த்தாள் நட்ட கழனி நூல் பிடித்தாற்போல இருக்கும். ஆனால் ஒரு வருஷமாக, அவள் நட்டுக்கொண்டு போகிற வரிசையில் இடது பக்கம் ஒரு முழச் சேறு வெறுமனே கிடக்கிறது. அது அம்முலு நின்று நட்ட இடம். அம்முலு செத்துப்போய்விட்டாள். செத்தவளுக்கு இடம் விட்டு நடுகிறவளை எந்த நிலத்துக்காரர் சும்மா விடுவார்? மார்த்தாள் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போய் அந்த முழத்தையும் நட்டுவிட்டு வருவாள். மறுநாள் அடுத்த கழனியில் மறுபடியும் ஒரு முழம் விட்டிருப்பாள்.

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற வழியில், செய்யாற்றுப் பக்கம் இருக்கிற காலனி அவளுடையது. வயது ஐம்பத்து நான்கு. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. பாதிப் பேர் சபைக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். தலைவலியோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, குடிக்கிற புருஷனோ, என்ன தொல்லையானாலும் வரப்பில் ஏறியதும் மார்த்தாளிடம் வந்து நிற்பார்கள். அவள் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தலையில் கை வைத்து, ஆண்டவரிடம் சத்தமாக நாலு வார்த்தை சொல்லுவாள். நெற்றி நிறையத் திருநீறோடு முதல் ஆளாகத் தலையை நீட்டுகிறவள் அம்முலு. அதில் யாருக்கும் எந்த வில்லங்கமும் தெரியவில்லை.

வில்லங்கம் வெளியிலிருந்துதான் வந்தது. காலனி முனையில் தகரம் வேய்ந்த ஜெபவீடு ஒன்று உண்டு. அங்கே ஆட்களை மதம் மாற்றுகிறார்கள் என்று யாரோ மனு எழுதி, ஊருக்குள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், அனுமதி எங்கே என்று கேட்டார்கள், பூட்டுப் போட்டார்கள். வாலாஜாபாத்திலிருந்து வண்டியில் வரும் பாஸ்டர் இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நிலத்துக்காரர் மார்த்தாளைக் கூப்பிட்டு, ஜெபம் கிபமெல்லாம் உன் வீட்டோடு, என் கழனியில் யார் தலையிலாவது கை வைத்தால் உன் செட்டுக்கே வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் கழனியில் யார் தலையிலும் கை வைக்கவில்லை.

அப்புறம் ஒரு மாதத்தில் அது நடந்தது. நட்டுக்கொண்டிருந்த அம்முலு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரப்பில் தூக்கிப் போட்டார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அம்முலுவின் தலை மார்த்தாளின் மடியில் இருந்தது. வேர்த்துக் கொட்டியது.

"அக்கா, தலையில கை வச்சி ஒரு வார்த்த சொல்லுக்கா."

மார்த்தாள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர் வரப்பில் நிலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் பைக்கை நிறுத்தின ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மார்த்தாளின் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. நடவுக்காரிக்கு அது எப்போதும் இருப்பதுதான். அவள் கை மடியிலிருந்து எழும்பவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்முலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆம்புலன்ஸ் வந்து ஏற்றுகிற வரைக்கும். சேதி கேட்டு ஓடிவந்த புருஷன் வண்டியில் கூட ஏறினான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தப் பார்வை போகவில்லை. சேற்றில் கால் வைத்தால் பக்கத்தில் இன்னொரு கால் சேற்றை மிதிக்கிற சத்தம் கேட்கிறது. வெற்றிலை கசந்துவிட்டது, விட்டுவிட்டாள். வீட்டில் முழங்கால் போட்டு "ஆண்டவரே" என்று தொடங்கினால், "ஒரு வார்த்த சொல்லுக்கா" என்று குரல் குறுக்கே வருகிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் எழும்பாது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற அவள் புருஷன் சாமுவேல், பன்னிரண்டு குடும்பத்துச் சோற்றை நினைத்துத்தானே வாயை மூடினாய், விட்டுத்தள்ளு என்றான். அவளால் விட முடியவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூட்டின ஜெபவீட்டுக்குப் போனாள். வாசலைப் பெருக்கினாள். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். சபை ஜனங்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். நின்றவர்களே, மார்த்தாளுக்கு இருக்கிற விசுவாசம் யாருக்கு வரும் என்று மெச்சிக்கொண்டார்கள். அந்த மெச்சுதல் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. குற்றம் செய்தவளுக்குப் போக வேறு இடமில்லை, அதனால்தான் வருகிறோம் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்முலுவுக்கு வருஷம் திரும்புகிற வாரம். மார்த்தாள் வாசல் பெருக்கி முடித்து உட்கார்ந்திருந்தாள். அம்முலுவின் புருஷன் கன்னியப்பன் வந்து எதிரே நின்றான். ஒரு வருஷமாக அவன் எதிரே வந்தாலே அவள் வேறு சந்தில் திரும்பிவிடுவாள். இன்றைக்குத் திரும்ப இடமில்லை.

படையலுக்குக் கூப்பிட வந்ததாகச் சொன்னான். முதல் இலை அவளுக்குத்தான் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அந்த மனுவில் தானும் கையெழுத்துப் போட்டவன் என்றான். நாளைக்கே ஆபீசுக்குப் போய் அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கப் போகிறானாம், இன்னும் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். ஏன் என்று அவனே சொன்னான்.

"ஆம்புலன்ஸ்ல என் கையப் புடிச்சிக்கினு சொன்னா, அக்கா. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்கன்னு அக்கா கை வைக்கல, ஆனா வாய் அசைஞ்சிக்கினே இருந்திச்சி, எனக்காவ வாய்க்குள்ளயே ஜெபம் பண்ணிச்சின்னு. அந்த தைரியத்துல தான் போனா."

மார்த்தாள் பூட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அம்முலு நிம்மதியாகப் போனாள் என்று இவனுக்கும் இருக்கும். கதவும் திறந்தாலும் திறக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் செய்ததைத்தான் இன்னொரு தடவை செய்ய வேண்டும், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவளுக்கு அது நன்றாகப் பழகின வேலைதான்.

"அது வெத்தல, தம்பி," என்றாள். "வாய்ல வெத்தல இருந்திச்சி. நான் ஜெபம் பண்ணல. அவ கேட்டா. நான் பயந்துகினு பேசாம இருந்துட்டேன்."

அவன் முகம் கறுத்தது. கை ஓங்குவானோ என்று நினைத்தாள், ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள். ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. இறங்கினவர்களில் நிலத்துக்காரரும் இருந்தார். இருவரையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

கன்னியப்பன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பெருக்கின மண்ணில், அவள் எதிரே குந்தினான். தலையை நீட்டினான்.

"அப்ப இப்ப பண்ணு. சத்தமா பண்ணு."

செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று பாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மார்த்தாள் கையை முந்தானையில் துடைத்தாள். கையில் சேறு ஒன்றும் இல்லை. அவன் தலையில் கை வைத்தாள். ரோடு வரைக்கும் கேட்கிற குரலில், ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னாள்.

"ஆண்டவரே, அம்முலுவுக்கு நெஞ்சு வலிக்குது. வண்டி இன்னும் வரல. என் மடியில தான் கீறா. நீ கொஞ்சம் சீக்கிரமா வா."