கூரை பார்க்கப் போன வீடுகள்

அண்ணாந்து பார்த்தே பிழைக்கிற தொழில் என்னுடையது. வீட்டுக்குப் பிளான் கீறுவது, அதைப் பிரதேச சபைக்குக் கொண்டுபோய் அனுமதி எடுப்பது, கூரையில் சோலர் பூட்ட விரும்புகிறவர்களுக்காக மின்சாரக் கந்தோரில் விண்ணப்பம் போடுவது எல்லாம் யாழ்ப்பாண ரவுணில் இரண்டு மேசை போட்ட என் சின்னக் கந்தோரில் நடக்கிறது. ஒரு மேசை எனக்கு. மற்றது சிவநேசன் அண்ணைக்கு. அவர் வயறிங் வேலை தெரிந்தவர். ஏணி வைத்து மேலே ஏறுவது அவர். கீழே நின்று வீட்டுக்காரரோடு கதைப்பது நான். இரண்டிலும் மேலே ஏறுவதுதான் லேசு என்று விளங்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

சலுகை என்று பேப்பரில் கண்டு ஆசைப்பட்டு, அலைந்து திரிந்து, கடைசியில் "உங்கடை பைல் மேலை போயிருக்கு" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் மனம் வருந்தினால் காணும்.

பின்னேர நிழல்

செல்வராசா அண்ணை சுன்னாகத்தில் வெங்காயம் செய்கிறவர். வீட்டுக்கும் கிணற்று மோட்டருக்கும் சேர்த்து சோலர் போட நினைத்தார். நல்ல கூரை. ஆனால் மேற்கு வேலியோடு ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. மத்தியானம் திரும்பினால் பாதிக் கூரையில் அதன் நிழல்தான். சிவநேசன் அண்ணை மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்து இரண்டு கொப்பைத் தறிச்சாக் காணும். அதுவும் அனுமதி வந்த பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த மரத்துக்குக் கீழேதான் கதிரை போட்டு எங்களை இருத்தினார்கள். செல்வராசா அண்ணையின் மனைவி மனோன்மணி அக்கா மாம்பழம் வெட்டிக் கொண்டுவந்தார். போகும்போது ஒரு பையிலும் கட்டித் தந்தார்.

அந்தப் பகுதி ரான்ஸ்போமரில் ஏற்கெனவே நிறைய வீடுகளின் சோலர் சேர்ந்துவிட்டது, இனி இடமில்லை, அதைப் பெருப்பிக்கும் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள் என்று மின்சாரக் கந்தோரில் பதில் சொன்னார்கள். இதைப் போனில் சொல்ல மனம் வராமல் நேரே போனேன். படலையைத் திறந்தபோது வளவு வேறு யாருடையதோ போல வெளித்துக் கிடந்தது. மரம் அடியோடு போய்விட்டது. கொப்புத் தறிக்க வந்த ஆள், முழுவதாய்த் தறித்தாலும் கூலி அவ்வளவுதான் என்று சொன்னாராம். இவரும் சரி என்றுவிட்டார்.

நான் கொண்டுபோன செய்தியைக் கேட்டுவிட்டு செல்வராசா அண்ணை மரம் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் முகத்தில் அடிக்க, நான் எழும்பிக் கதிரையை இந்தப் பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் இழுத்தேன். தேத்தண்ணியோடு வந்த மனோன்மணி அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதிரையை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ பிள்ளை. வெளியிலை இருந்து கதைக்கிற காலம் போட்டுது."

நிலத்துக்குக் கீழே ஒரு தொட்டி

கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் தம்பிராசா அண்ணைக்கு நான்தான் வீட்டுப் பிளான் கீறினேன். பெரிய வீடு, பெரிய கூரை. இவ்வளவு பெரிய கூரையென்றால் மழைத்தண்ணி சேமிக்கத் தொட்டி காட்ட வேண்டும் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். நான் முற்றத்துக்குக் கீழே தொட்டியும், கூரையைச் சுற்றித் தண்ணி ஏந்தப் பீலியும், பீலியிலிருந்து தொட்டிக்குக் குழாயும் கீறிக் கொடுத்தேன். அவர் முணுமுணுத்தாலும் அப்படியே கட்டினார். சபையில் இருந்து ஆள் வந்து பார்த்து, வீடு முடிந்ததற்கான சான்றிதழும் கிடைத்தது. அடுத்த கிழமை போனால் பீலியைக் காணோம், குழாயைக் காணோம். தொட்டிக்குள் மரக்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "சபைக்குக் காட்டத்தானே கட்டினது. உள்ளுக்கு நல்ல குளிர், தக்காளி வாடாது" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சொல்லிப் பார்த்தேன். வெயில் காலத்தில் கிணறு எப்படியாகும் என்று அவருக்குத் தெரியாததில்லை. அவர் பிறந்த ஊர் அது.

பிறகு மழை பிந்திய வருடம் ஒன்று வந்தது. தண்ணி கீழே போகப் போகக் கிணறு உவரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மகள் முதல் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். பிறந்த பிள்ளையை உவர்த் தண்ணியில் முழுக வார்க்க முடியாமல், தண்ணிப் பவுசர் எப்போது வரும் என்று ஒழுங்கை முனையில் வாளிகளோடு நின்றார் அவருடைய மனைவி. வீடு நிறையச் சாமான் இருந்தது. நல்ல தண்ணி மட்டும் இல்லை.

அந்த வருடத்து முதல் மழை கொட்டிய அன்று, பக்கத்துக் காணிக்கு அளவு எடுக்கப் போயிருந்த நான் மழைக்கு ஒதுங்க அவர்கள் வீட்டுக்குத்தான் ஓடினேன். புருசனும் மனைவியுமாய் நனைந்துகொண்டு தொட்டிக்குள் இருந்த பெட்டிகளைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். கூரைத் தண்ணி நாலு பக்கத்தாலும் முற்றத்தில் விழுந்து ஒழுங்கைக்கு ஓடியது. மனைவி நிமிர்ந்து, "பீலியளை எங்கை வைச்சனீங்கள்?" என்று கேட்டார். தம்பிராசா அண்ணை கையிலிருந்த பெட்டியை இறக்காமலே சொன்னார்: "அதை அப்பவே வித்துப்போட்டன்."

மற்றப் பங்குக்காரர்

கூரையில் ஏதாவது பூட்டுவதென்றால் வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் எல்லாரும் சம்மதம் தர வேண்டும். எங்கள் ஊரில் இது லேசான காரியமில்லை. பாதிக் கையெழுத்து இங்கே இருந்தால் மீதி ஐரோப்பாவில் இருக்கும். கோண்டாவில் புஷ்பராணி ரீச்சரின் வீடும் அப்படித்தான். தாய் எழுதி வைத்தபடி அவருக்குப் பாதி, ஜேர்மனியில் இருக்கும் தமையனுக்குப் பாதி. தாயின் செத்தவீட்டில் ஏதோ கதைவழிப்பட்டு, அதோடு இருவரும் பேச்சில்லை. என்ன கதை என்று நான் கேட்கவில்லை. ரீச்சர் நம்பரை மட்டும் தந்து, "நீங்களே கேளுங்கோ, எனக்குக் கதைக்க ஏலாது" என்றார். இதைத் தருவதற்கே அவர் நெடுநாள் யோசித்திருந்தார். அதற்குள் சோலர் கரண்டை வாங்குவதற்கு மின்சாரசபை தருகிற விலையையும் குறைத்துவிட்டார்கள். அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ரீச்சர் பக்கத்தில் இருக்க, போனை மேசையில் வைத்து சத்தம் கேட்கிற மாதிரிப் போட்டேன். நான் யார், எதற்கு எடுக்கிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு நீண்ட இருமல். பிறகு, "சம்மதம் எண்டு எழுதி அனுப்பிறன். தங்கச்சி கேட்டிருந்தா எப்பவோ தந்திருப்பன். அவ பக்கத்திலை இருக்கிறாவோ?" என்றார். நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி இல்லை என்று சொல்லச் சொன்னார். இல்லை என்று சொன்னேன். தமையன் திரும்ப இருமினார். "சரி, கூரை ஒழுகுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. கிழக்கு மூலையிலை முந்தி ஒழுகிறது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் பைலைக் கட்டினேன். ரீச்சர் எழும்பவில்லை. போனைப் பார்த்தபடி, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார்: "அண்ணைக்கு அந்த இருமல் இன்னும் மாறேல்லைப் போல."

வெயிலுக்குள் கரண்ட் போன நாள்

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். கொழும்புத்துறையில் மரியதாஸ் ஐயா கடலுக்குப் போய் வாழ்ந்தவர். வயது போக நெஞ்சு பழுதாகி, பகலும் இரவும் ஒட்சிசன் மிசினோடு இருக்க வேண்டி வந்தது. மிசின் ஓட ஓட கரண்ட் பில் ஏறியது. அதற்காகத்தான் இத்தாலியில் இருக்கும் மகன் சோலர் போடச் சொன்னார். நான் மகனுக்குப் போனில் விளக்கமாகச் சொன்னேன்: தெருவில் கரண்ட் போனால் சோலரும் தானாக நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவர்களுக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. நிற்காமல் ஓட வேண்டுமென்றால் பற்றரியும் வேண்டும். அவர் கேட்டுவிட்டு, "இப்ப இதைப் பூட்டுவம் அக்கா, பற்றரியை வாற வருசம் பாப்பம். அம்மாவுக்கு உதுகளைச் சொல்லிப் பயப்பிடுத்த வேண்டாம்" என்றார். அவர் அங்கே முறிந்து உழைத்து அனுப்புகிறவர். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு நாள் காத்தில் கொப்பு முறிந்து லைனில் விழுந்தது. விடிந்து நல்ல வெயில் எறிக்கிற நேரம் அது. மகள் ஜெசிந்தா எனக்குப் போன் எடுத்தாள்: "அக்கா, கரண்ட் போட்டுது, மிசின் நிண்டிட்டுது. சோலர் ஏன் வேலை செய்யேல்லை?" நானும் சிவநேசன் அண்ணையும் போய்ச் சேர்ந்தபோது, அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்னச் சிலிண்டரை மாட்டியிருந்தார்கள். அதுவும் முடிகிற தறுவாய். ஐயாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அவருடைய மனைவி திரேசம்மா முற்றத்தில் நின்று கூரையைக் காட்டி, "இவ்வளவு வெயில் எறிக்குது. உது ஏன் பிள்ளை நித்திரை கொள்ளுது?" என்று என்னைக் கேட்டார். அந்த நேரத்தில் அந்த மனிசிக்கு நான் என்னத்தை விளங்கப்படுத்துவது? பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஐயாவைத் தூக்கி ஏற்றினோம். சிவநேசன் அண்ணை சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனார்.

ஐயா தப்பிவிட்டார். மகன் எங்கேயோ கடன் வாங்கிப் பற்றரிக்கு ஒழுங்கு செய்தார். அதைப் பூட்டிய அன்று நாங்கள் மெயின் சுவிச்சை நிற்பாட்டிக் காட்டினோம், மிசின் நிற்கவில்லை. திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஐயாவோ மிசினில் எரிகிற பச்சை வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நித்திரையிலும் இடைக்கிடை முழித்து அதைத்தான் பார்க்கிறார் என்று ஜெசிந்தா சொன்னாள். இனிப் பயமில்லை ஐயா என்றேன். அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "கடலிலை மிசின் நிண்டா துடுப்பு வலிச்சுக்கொண்டு கரைக்கு வந்திடலாம். உதிலை என்னத்தைப் பிள்ளை வலிக்கிறது?"

வருசப்பிறப்பு அறிவித்தல்

நல்லூரில் பரமசிவம் ஐயா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியில். ஓய்வு பெற்ற காசில்தான் சோலர் பூட்டினார். வருமானத்துக்கென்று பூட்டினாலும், அது அவருக்கு ஒரு துணையாகிவிட்டது. காலையில் சாமி கும்பிட்டுவிட்டு சோலரின் கணக்குக் காட்டுகிற இன்வேட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பார். எத்தனை யூனிட் வந்தது என்று பின்னேரம் எனக்குப் போனில் சொல்லுவார். முகில் மூடிய நாளில் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். வேலை நேரத்தில் அவருடைய போன் வந்தால் முதலில் எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிக்கத் தொடங்கினேன்.

சித்திரை வருசப்பிறப்பு நேரம் தொழிற்சாலைகள் எல்லாம் பூட்டு, நாட்டில் கரண்ட் பாவிப்பு குறைவு, மிஞ்சுகிற கரண்டை லைன் தாங்காது, ஆகவே பகலில் கூரைச் சோலர்களை நிற்பாட்டி உதவுங்கள் என்று அறிவித்தல் வந்தது. சோலரைப் பூட்டுங்கள் பூட்டுங்கள் என்று சொல்லிப் பூட்டுவித்த பிறகு இப்படி ஒன்று வரும் என்று நானும் நினைத்திருக்கவில்லை. அந்த ஒழுங்கையில் வேறு யாரும் நிற்பாட்டியதாகத் தெரியவில்லை. பரமசிவம் ஐயா நிற்பாட்டினார். அரசாங்கக் கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தே வயது போன மனிசன். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

வருசத்துக்குப் பலகாரம் கொண்டு போனேன். நல்ல வேட்டி கட்டி, திருநீறு பூசி, அதே கதிரையில், அதே இன்வேட்டருக்கு முன்னால் இருந்தார். அதில் ஒரு வெளிச்சமும் இல்லை. முற்றத்து மணல் கால் வைக்க ஏலாமல் கொதித்தது. "வீணாய்ப் போகுதே ஐயா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பலகாரத் தட்டை வாங்கி மேசையில் வைத்து, அதைப் பேப்பரால் மூடிவிட்டுச் சொன்னார்: "வெயிலிலை பிழை சொல்லேலாது பிள்ளை. அது நேரத்துக்கு வந்து, கொஞ்சம் பாத்திட்டு, போட்டுது."

இவ்வளவையும் கண்ட பிறகும் யாராவது கூரை பார்க்க வரச்சொன்னால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், நல்ல கூரை, தாராளமாய்ப் பூட்டலாம் என்றுதான் சொல்லிவிட்டு வருகிறேன். என்னுடைய வீட்டுக்குத்தான், சிரிக்காதீர்கள், இன்னும் விண்ணப்பம் போடவில்லை.