வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

1971 ஜூன் 14: டாக்ஸி, ரூ. 3.80
ஜூன் 18: கழுத்தில் மருந்து ஏற்றி எடுத்த மூளைப் படங்கள், ரூ. 160
ஜூன் 21: ஆபரேஷன் முன்பணம், ரூ. 400
ஜூன் 23: முன்பணம் திரும்ப வந்தது, ரூ. 400

முன்பணம் திரும்பி வரக் காரணம் டாக்டர் சண்முகவடிவு. அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். என்னை அண்ணாச்சி என்றும், என் மனைவி புஷ்பத்தை மதினி என்றும் கூப்பிடுவார். மூளையில் வரும் கட்டிகளையும், அங்கே ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே சிக்கலாகப் பின்னிக்கிடப்பதையும் ஆராய்ந்துவந்தார். சாப்பிடும்போதும் ஒரு கையில் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். ரசம் சிந்திய படங்கள் உண்டு.

வடக்கு மாட வீதியில் காய் வாங்கும்போது புஷ்பத்துக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, கீழே விழுந்தாள். படம் எடுத்த நர்சிங் ஹோமில் பெரிய டாக்டர், "கட்டி. வியாழக்கிழமை ஊசி விட்டுத் துணுக்கு எடுப்போம்" என்றார்.

புதன்கிழமை காலை வடிவு அந்தப் படங்களை எங்கள் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார். மருந்து ஓட ஓட ஆறு படங்களைக் கையால் இழுத்து எடுப்பார்களாம். எண்களைக் காய்ந்த பிறகுதான் எழுதுவார்களாம். அதனால் அவர் எண்ணை நம்புவதே இல்லை.

"அண்ணாச்சி, இதுல அஞ்சுன்னு போட்டிருக்கு. ஆனா கழுத்துக் குழாயில இன்னும் மருந்து நிக்குது. அப்போ இதுதான் முதல் படம். முதல் படத்துலயே திரும்பிப் போற குழாயும் நிறைஞ்சிருக்கு. ரத்தம் குறுக்கு வழியில பாயுது. இது கட்டி இல்ல, குழாய்ச் சிக்கல். ஊசி பட்டா ரத்தம் நிக்காது."

"நிச்சயமா?"

"பெரியவர்கிட்ட போன்ல சொன்னேன். 'உனக்கு எல்லாத்துலயும் சிக்கல்தான் தெரியும், அதுதானே உன் ஆராய்ச்சி'ன்னார். எனக்கும் அந்தப் பயம் இருக்கு. கட்டியா இருந்து நான் தடுத்துட்டா, மதினியைக் கொன்னவ நான்தான்."

மறுபடி படம் எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. முதல் முறையே கை ஒரு நாள் மரத்துக் கிடந்தது.

புஷ்பம் கட்டிலிலிருந்து கேட்டாள்: "ஏன் டாக்டரம்மா, என் மண்டைக்குள்ள இருக்கது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சோ?" பிறகு என்னிடம், "ஊசி வேண்டாம். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

கட்டி வளரும், வளர்ந்தால் முதலில் வலது கை காட்டிக்கொடுக்கும் என்றார் வடிவு. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் புஷ்பம் ஒரே வரியை எழுத வேண்டும்: கணவன் பெயரும் தெருப் பெயரும்.

"பேரை வாயால சொல்ல மாட்டேன்" என்றாள் புஷ்பம்.

"எழுதத்தானே சொல்றேன் மதினி."

அப்படித்தான் வாரந்தோறும் நல்லசிவம் என்று எழுதினாள். அவள் பேனா எடுத்தால் நான் கூடத்தை விட்டுப் போய்விடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை வரி கீழே சரிந்து, எழுத்தெல்லாம் நசுங்கியிருந்தது. வடிவு தாளோடு புஷ்பத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரல்களை மடக்கச் சொன்னார், ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னார். கடைசியில் கண் டாக்டரிடம் அனுப்பினார். வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டதும் வரி நேரானது. அன்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து வடிவு அழுதார்.

1973இல் அவருக்கு மதுரைக்கு மாற்றல். தாள்கள் தபாலில் போயின. ஒவ்வொரு தாளுக்கும் 'கை நன்றாக இருக்கிறது' என்று ஒரு கார்டு வரும். அது வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டதில்லை.

கடைசியாக வந்தது உறையில் வைத்த கடிதம். "மதினி, கட்டியாக இருந்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தக் கை இப்படி எழுதாது. இனி அனுப்ப வேண்டாம். ஆனால் சிக்கல் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. திடீரென்று தலை வலித்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள்."

புஷ்பம் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள். மறுநாள்தான் வெள்ளிக்கிழமை. கடிதம் வந்தது 1978 மார்ச் 9.