உபயம் தெரியாத படம்

போன வெள்ளிக்கிழமை மாவிளக்குக்குத் தினை எடுக்கலாம் என்று ட்ரம்மைத் திறந்து கையை விட்டேன். அடியில் மஞ்சள் துணி மூட்டை ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தால் கற்பூர வாசம், தினை வாசம், நடுவில் அந்த கேமரா லென்ஸ். எங்கள் கொல்லிமலையில் மழைக்காலம் வந்தால் சுவரே வியர்க்கும். லென்ஸுக்குள் பூஞ்சை பூத்துவிடும். அதற்கென்று கடையில் பெட்டி விற்கிறார்களாம். தானியம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தினையில் வண்டு விழுந்துவிட்டது. லென்ஸுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பேளுக்குறிச்சியில் எட்டாவதோடு நின்றவள். லென்ஸைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒற்றை அறையில் ஸ்டூடியோ வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டேன், அதுதான் யோக்கியதை. அவரிடம் முதலில் இருந்த லென்ஸ் பகலில் நல்ல பிள்ளை. பொழுது சாய்ந்தால் அதற்குக் கண் தெரியாது.

ஒரு வருஷம் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கருவறை அம்மனைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, ஊட்டுக்கு ஒன்று கொடுப்பதென்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அந்த வேலை கிடைத்தால் மலையில் நடக்கும் விசேஷமெல்லாம் இவரைத் தேடி வரும். கிடைக்காவிட்டால் போர்வெல் லாரிதான். என் அண்ணன் வடக்கே போகும் லாரிக்கு ஆள் கேட்டபடியே இருந்தார். போனால் பொங்கலுக்கு வருவதுகூட நிச்சயமில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை.

பூசாரி மட்டும் ஒன்று சொல்லிவிட்டார்: "படம் எடுத்துக்கங்க சாமி. அந்தப் பளிச்சு லைட்டு மட்டும் அடிக்கப்படாது. ஆத்தாளுக்குக் கண்ணு கூசும்."

கருவறையில் எண்ணெய் விளக்கு தவிர வேறு வெளிச்சம் கிடையாது. அதனால்தான் சேலம் போய், ஒருவர் உபயோகித்து விற்ற இந்த ஐம்பது எம்.எம். லென்ஸை வாங்கி வந்தார். இதில் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க முடியாது. நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். ஆனால் வாய் அகலம். விளக்கு வெளிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடிக்கும். "புடிக்கலீன்னா மூணு சந்தைக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க" என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

பரீட்சை என் மேல்தான் நடந்தது. அடுப்படியில் விளக்கை ஏற்றி என்னை உட்கார வைத்தார்.

"அசையாத புள்ள."

"அடுப்புல பால் பொங்குதுங்க."

"பொங்கட்டும், மங்களந்தான்."

படத்தைப் பார்த்தேன். ஒரு கண் தெளிவு, மறு கண் மசங்கல். பின்னால் இருந்த விளக்குச் சுடர் லட்டு மாதிரி உருண்டையாக இருந்தது. "ஏனுங்க, மூக்குத்தி தெரியுது, காதே காணமே?" என்றேன். வாயை முழுசாகத் திறந்தால் அப்படித்தான், கொஞ்சம் மூடினால் காது வரும் என்று மூடிக் காட்டினார். காது வந்தது, வெளிச்சம் போனது. மறுநாள் பனிமூட்டத்தில் பஸ் போர்டை எடுத்தார். தானாகப் பார்க்கச் சொன்னால் லென்ஸ் முன்னும் பின்னும் திணறியது. கையால் திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்டது. "குணம் புடிபட்டுருச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜையில் அம்மனை எடுத்தார். கேமராவின் பின்பக்கத்தில் பார்த்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அத்தனை வருஷம் கும்பிட்டும் தெரியாத கண்கள். என்னையே பார்த்தன. பூசாரியும் கேமராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் கமிட்டித் தலைவர் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அம்மனுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் பித்தளைத் திருவாசி அவர் செய்து வைத்தது. உபயம் என்று அவர் பெயரை அதில் வெட்டியிருக்கும்.

"ஏங்கண்ணு, எம்பேரு எங்க?"

"பின்னால இருக்கறது மசங்கலாத்தானுங்க வரும். இந்த லென்ஸோட குணமுங்க அது."

"குடுத்தவன் பேரை அழிக்கறதெல்லாம் ஒரு குணமா?"

இவர் லென்ஸின் வாயை மூடி எடுத்துக் காட்டினார். எல்லாம் ஒரே இருட்டு. தலைவர் யோசித்து, குற்றம் லென்ஸ் மேல் இல்லை, வெளிச்சத்தின் மேல்தான் என்று தீர்ப்புச் சொன்னார். மறு வாரமே கருவறைக்குள் நாலு பெரிய லைட்டு மாட்டினார்கள், அதுவும் அவர் உபயம்தான். பூசாரி, "ஆத்தா கண்ணு..." என்று இழுத்தார். "இது எல்.இ.டி. பூசாரி, சூடே இருக்காது" என்று தலைவர் முடித்துவிட்டார். அந்த வெளிச்சத்தில் எந்த செல்போனிலும் படம் வரும். தலைவரின் மருமகனே எடுத்துவிட்டார்.

கெடுவின் கடைசிச் சந்தை நாள் வந்தது. இவர் லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டேன். அம்மனைக் கண்ணோடு கண் பார்த்த பொருளை, புடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதா? லென்ஸ் ட்ரம்முக்குள் போனது. அவர் லாரியில் போனார். உபயம் தெரியாத அந்தப் படம் ஒன்றை லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார், இன்னொன்று எங்கள் பூஜை அறையில் இருக்கிறது.

பல வருஷம் கழித்து இடுப்பு வலியோடு திரும்பி வந்தவர் இப்போது மிளகு காயவைக்கிறார். ஸ்டூடியோ இருந்த அறையில் பரோட்டாக் கடை. ஊரில் எந்த ஊட்டுக்குப் போனாலும் சட்டம் போட்ட படம் மாட்டியிருக்கிறது. உபயம் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். அம்மன் முகம்தான் வெளுத்துப் போயிருக்கும். பூசாரி போய்ச் சேர்ந்துவிட்டார்.

ட்ரம்மில் கிடைத்த மூட்டையை அவரிடம் கொடுத்தேன். லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"பூஞ்சை ஏறல புள்ள. கோயில்ல ஒண்ணு எடுத்துப் பாக்கட்டுமா?"

"எடுக்கறதுக்கு அங்க இருட்டு எங்கீங்க இருக்குது?"

சிரித்தார். நான் பூஜை அறையில் மாவிளக்கை ஏற்றி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். என் கை தன்னால் நீண்டு ட்யூப்லைட்டை அணைத்தது.

"ஏம் புள்ள, கரண்டு போயிருச்சா?"

"இல்லீங்க. ஆத்தாளுக்குக் கண்ணு கூசும்."